தொகை சொல்லாத கூட்டம்

“இவங்க கையில காசைக் கொடுத்தா அடிச்சுக்குவாங்க சார். இப்ப மாதிரி மனு வாங்கிட்டுப் போறதுதான் நல்லது.” எங்கள் பகுதி ஏரியா சபைக் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருக்காரர் சொன்னது இது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். மழைக்காலத்தில் கம்பி அறுந்து விழுந்தால் நாங்கள் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். அன்றைக்கு நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. அவர் சொன்னது தப்பு என்று தோன்றியது. ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்பதும் இப்போது தெரிகிறது. அந்தப் பாதியைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஏரியா சபை என்றால் என்ன என்று நகரத்தில் இருப்பவர்களுக்கே பலருக்குத் தெரியாது. கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று நெடுநாளாகப் பேசி, 2022-ல்தான் தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்தன. வார்டைச் சின்னச் சின்ன ஏரியாக்களாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் கூட்டம். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே போனார். (இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் எடுத்து வருவது வழக்கம். நான் எடுக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு கல்லைக் காட்டியே தெருவிளக்குப் பேச்சை மறக்கடித்த கூட்டங்கள் நிறையப் பார்த்தாகிவிட்டது.)

எங்கள் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டு வந்துவிட்டது, கையெழுத்துப் போட. பக்கத்தின் மேல்பாதி காலி. தீர்மானம் அப்புறம் எழுதிக்கொள்வார்களாம். மேடையில் கவுன்சிலர், உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர். ஒவ்வொருவராக எழுந்தோம். பூ விற்கும் அக்கா ஒருவர், தெருவுக்கு மேலும் மேலும் ரோடு போட்டதில் தன் வீட்டு வாசற்படி ரோட்டு மட்டத்துக்குக் கீழே போய்விட்டது என்றார். “பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் போடணும்னு சொல்றாங்களே, எங்க தெருவுல மட்டும் ஏன் அப்படியே மேல கொட்டிட்டுப் போறீங்க? மழை வந்தா செங்கல்லும் களிமண்ணும் வச்சுத் தண்ணியை மறிக்கிறேன், ராத்திரி பூராத் தூக்கம் கெடுது” என்றார். பொறியாளர் குறித்துக்கொண்டார். “அடுத்த எஸ்டிமேட்ல சேர்த்துடறோம்.” அடுத்து ஒருவர் பூங்காவில் விளக்கு கேட்டார். சேர்த்துவிடுகிறோம். நாய்த் தொல்லை, சேர்த்துவிடுகிறோம். வடிகால், நூலகம், வேகத்தடை, எல்லாவற்றுக்கும் அதே பதில். ஒரு கோரிக்கைகூட மறுக்கப்படவில்லை. ஒருவர் கேட்டதை இன்னொருவர் எதிர்க்கவும் இல்லை. அவ்வளவு சுமுகமான கூட்டம். எனக்கு உறுத்தியதே அந்தச் சுமுகம்தான்.

கடைசியில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “நம்ம வார்டுக்கு இந்த வருஷம் மொத்தம் எவ்வளவு மேடம்?” என்று கேட்டாள். கவுன்சிலர் மழுப்பவில்லை. “எனக்கே தெரியாதும்மா. பல வார்டைச் சேர்த்துப் பேக்கேஜா டெண்டர் விடறாங்க. அதுல நமக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும்” என்றார். அத்தோடு டீ வந்துவிட்டது.

எட்டாங்கொடைக்கு மறுநாள்

சில மாதம் கழித்து, தெற்கே எங்கள் சொந்த ஊர் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, போயிருந்தேன். வழக்கமாக வில்லிசை கேட்டுவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவேன். இந்த முறை எட்டாம் நாள் பூசையான எட்டாங்கொடை முடிந்து கணக்கு வாசிக்கும்வரை தங்க வேண்டியதாயிற்று. தெற்கத்தி ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு வரி என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். கொடை முடிந்ததும் வரவு என்ன, செலவு என்ன என்று கோயில் முன்னால் உட்கார்ந்து வரி வரியாக வாசிப்பார்கள். நான் சின்ன வயதில் அந்த இடத்தில் தூங்கிப்போனவன்தான். இந்த முறைதான் விழித்திருந்து கேட்டேன்.

“லைட் செட்டு, நாப்பத்தெட்டாயிரம்” என்று கணக்கப்பிள்ளை வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: “போன வருசம் நாப்பதுதானவே. நாலு டியூப்லைட்டு கூட எரிஞ்சதுக்கு எட்டாயிரமா?” ஜெனரேட்டர் டீசல் என்று பதில் வந்தது. டீசல் பில்லைக் கேட்டார்கள். பில் கைக்குக் கை மாறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கப்பட்டு, திரும்பி வந்தது. நையாண்டி மேளத்துக்குக் கொடுத்த முன்பணம், பந்தக்காரருக்குப் பாக்கி, இலைக்கட்டு, தேங்காய், எல்லாம் இப்படியே. பத்தரை மணிக்கு மிச்சம் அறுபத்திரண்டாயிரம் என்று வந்து நின்றது. சண்டை அங்கேதான் சூடு பிடித்தது. மேலத்தெருக்காரர்களுக்குக் கோயில் முன்னால் தகரக் கொட்டகை வேண்டும். வெயிலில் பொங்கலிட முடியவில்லை. கீழத்தெருக்காரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை மாற்ற வேண்டும். கோயில் காசில் மோட்டாரா என்று ஒருவர் கேட்க, அம்மனுக்கு அபிஷேகம் பண்ற தண்ணி எந்தத் தொட்டியிலேருந்து வருது என்று இன்னொருவர் கேட்க, ஏக வசனம், ஏச்சு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வெளிநடப்பு, திரும்பி வருதல், எல்லாம் நடந்தது.

மின்வாரியக்காரர் இதைப் பார்த்திருந்தால் “நான் சொன்னேன்ல” என்றிருப்பார். ஆனால் நள்ளிரவுக்கு முன் முடிவு வந்துவிட்டது. மோட்டார் இந்த வருடம். கொட்டகைக்கு அடுத்த கொடை மிச்சத்தில் முதல் உரிமை. அதை நோட்டில் எழுதி மேலத்தெருவிலிருந்து ஒருவரும் கீழத்தெருவிலிருந்து ஒருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளிநடப்புச் செய்த அண்ணாச்சிதான், மோட்டாரை எங்கே வாங்கினால் மலிவு என்றும் சொன்னார்.

எனக்கு அந்தக் கணத்தில்தான் ஒன்று பிடிபட்டது. சமுதாயக் கூடத்தில் சண்டை வராததற்குக் காரணம் நாங்கள் பண்பானவர்கள் என்பதில்லை. சண்டை போட அங்கே ஒன்றும் இல்லை. தொகை தெரியாதபோது ஒவ்வொருவரும் மேடையைப் பார்த்துத்தான் பேசுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தேவை எனக்குப் பொருட்டே இல்லை. பூக்கார அக்காவின் வாசலும் என் பூங்கா விளக்கும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. அறுபத்திரண்டாயிரம் என்று ஒரு எண் விழுந்ததும் கீழத்தெரு மேலத்தெருவைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாகிறது. விட்டுக்கொடுப்பதற்கும் அப்போதுதான் ஏதாவது இருக்கிறது.

பஸ்ஸில் ஏற்றி ஊரைக் காட்டியவர்கள்

தொகையை முன்னால் வைத்து மக்களையே பிரிக்கச் சொல்வதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நகரம் பிரேசிலின் தெற்கில் இருக்கும் போர்ட்டோ அலெக்ரே. பதின்மூன்று லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை. ராணுவ ஆட்சி 1985-ல் முடிந்து, புதிய அரசியல் சாசனம் 1988-ல் வந்து, அந்த ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ துத்ரா மேயரானார். 1989-ல் நகராட்சியின் முதலீட்டுப் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை மக்களைக் கூட்டி முடிவு செய்யத் தொடங்கினார்கள். நல்ல எண்ணத்தோடு தொடங்கினார்கள், படுதோல்வி அடைந்தார்கள். கஜானாவைத் திறந்து பார்த்தால் வருவாயில் கிட்டத்தட்ட எல்லாமே சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மக்கள் வந்து கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1990-ல் நகரம் முழுக்க நடந்த கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஆயிரம் பேரைக்கூட எட்டவில்லை. நம் ஏரியா சபை இப்போது இருக்கும் இடம் ஏறக்குறைய அதுதான்.

பிறகு அவர்கள் செய்த வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. விழிப்புணர்வுப் பிரசாரம் செய்து கூட்டத்தைக் கூட்டவில்லை. சொத்துவரியை வசதியானவர்கள் கூடுதலாகக் கட்டும்படி மாற்றி வருவாயைப் பெருக்கினார்கள். பணம் வந்தது, வேலைகள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆட்கள் வந்தார்கள். 1992-ல் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. “நம்ம மக்களுக்கு ஆர்வம் இல்லை” என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் ஞாபகம் வருகின்றன. அதே மக்கள், இரண்டே வருட இடைவெளி.

நகரத்தைப் பதினாறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஆண்டின் முதல் கூட்டத்தில் மேயர் வந்து போன வருடம் ஒப்புக்கொண்ட வேலைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று கணக்குச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு வட்டாரமும் தனக்கு எது முதல், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தும். சாக்கடையா, தெருவுக்குத் தளமா, குடியிருக்கும் நிலத்துக்குப் பட்டாவா. கூட்டத்துக்கு வந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பிரதிநிதிகளை எடுத்தார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவர அதுவே தூண்டுதலாக இருந்தது. அதற்கு மேலே ஒரு பட்ஜெட் மன்றம், வட்டாரத்துக்கு இரண்டு பேர். எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு என்பதற்கு மூன்று அளவுகோல்: அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு, அந்த வட்டாரம் அதை எத்தனையாவது இடத்தில் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் உங்களுக்கு எத்தனை மீட்டர் தளம் என்று நீங்களே சொல்லிவிடலாம். சத்தமாகப் பேசத் தெரிந்தவருக்கும் அமைச்சரைத் தெரிந்தவருக்கும் அங்கே கூடுதல் மதிப்பெண் கிடையாது.

ஓட்டுப் போடும் முன் பிரதிநிதிகளை பஸ்ஸில் ஏற்றி மற்றவர்களின் பகுதிகளைச் சுற்றிக் காட்டினார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். நம் தெருவுக்குத் தளம் வேண்டும் என்று முழங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர், இன்னொரு மேட்டில் வீட்டு வாசலிலேயே சாக்கடை ஓடுவதைப் பார்த்துவிட்டு இறங்குகிறார். அதற்குப் பிறகும் அவர் தன் தெருவுக்கே கேட்கலாம், தடை இல்லை. ஆனால் பார்க்காதது போல் இனிப் பேச முடியாது. 1989-ல் பாதி வீடுகளுக்குக்கூடச் சாக்கடை இணைப்பு இல்லாத நகரத்தில் 1996 வாக்கில் 85 சதவீதம் வீடுகளுக்கு இணைப்பு வந்துவிட்டது. எல்லாமே இந்தக் கூட்டங்களால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குழாய் பதிக்கப் பொறியாளரும் வேண்டும், பணமும் வேண்டும். ஆனால் குழாய் முதலில் எந்த மேட்டுக்குப் போனது என்பதில் அந்த பஸ்ஸுக்குப் பங்கு உண்டு.

யார் உட்கார்ந்திருந்தார்கள்

சரி, மின்வாரியக்காரர் சொன்னதில் சரியாக இருந்த பாதிக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கணக்கு வாசிப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தது முழுக்க ஆண்கள். பெண்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டார்கள். என் அத்தை அங்கேதான் நின்றாள். மாமா இறந்து நெடுநாளாயிற்று. வீட்டை நடத்துபவள் அவள். வரிப் பணம் அவள் கோழியும் ஆடும் விற்ற காசு. நோட்டில் இருப்பது அவள் மகன் பெயர். மகன் சவூதியில் இருக்கிறான். மோட்டார் கெட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவளும் அவள்தான். “நீ உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதானே?” என்றேன். “போடா கூறுகெட்டவனே” என்றாள்.

காலனிக்காரர்கள் கதை இன்னும் மோசம். அவர்களிடம் வரியே வாங்குவதில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைப் பெருந்தன்மை போலச் சொல்வார்கள். வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், கணக்குக் கேட்பார்கள், அதனால் வாங்குவதில்லை. ஆக, ஊர்க்கூட்டத்தில் தொகை இருக்கிறது, ஊரில் பாதிப் பேர் இல்லை. ஏரியா சபைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், அங்கே தொகை இல்லை. பணம் என்று வந்தால் வலுத்தவன் வைத்ததுதான் சட்டம் என்ற பயத்தில்தான் மின்வாரியக்காரர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், 1996-லிருந்து பத்து வருடம் அங்கே முறையாகத் தேர்தலே நடத்த முடியாமல் செய்தார்கள். 2006-ல்தான் நடந்தது. 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு முதலமைச்சர் பாப்பாபட்டிக்குப் போனபோது பலர் அதை நினைத்துக்கொண்டோம்.

போர்ட்டோ அலெக்ரேயிலும் இந்தக் கேள்வி இருந்தது. பொதுக்கூட்டங்களில் பெண்கள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வந்தார்கள்; ஏழைகளும் நகர மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த பங்கைவிடக் கூடுதலாகவே வந்தார்கள். ஆனால் மேலே இருந்த மன்றத்தில் ஆரம்ப ஆண்டுகளில் பெண்கள் அந்த அளவுக்கு இல்லை. மாலை வேளைகளில் வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு யாரால் போக முடியும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். அதில் பத்து சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கே என்றும் வைத்தார்கள். துணிச்சலான காரியம். அங்கேயும் போகப்போக கிராம சபைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பயனாளி பட்டியலில் பெயர் வருமா என்று பார்க்க வருபவர்களாகிவிட்டார்கள் என்ற குறை உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீடும் ஆடும் கிடைக்கும் இடத்துக்கு ஆள் வருகிறது. கிடைக்காத இடத்துக்கு நானும் போகமாட்டேன்.

போர்ட்டோ அலெக்ரேயின் கதையும் நன்றாக முடியவில்லை. 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. அடுத்து வந்தவர்கள் கூட்டங்களை நிறுத்தவில்லை. கூட்டத்தில் முடிவாகும் பணத்தைத்தான் குறைத்தார்கள். ஒப்புக்கொண்ட வேலைகள் வருடக்கணக்கில் பாக்கி விழுந்தன. 2017-ல் அப்போதைய மேயர் நிறுத்தியே வைத்தார். சட்டத்தில் இல்லாமல் மேயரின் விருப்பத்தில் நின்ற ஏற்பாடு அது. கொடுத்த கை எடுத்துக்கொண்டது.

லெட்டர்பேடு பணம்

இங்கே என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிய சட்டம், புதிய ஆணையம் என்று நான் போகமாட்டேன். ஏற்கெனவே ஒருவர் கையெழுத்தில் பிரிக்கப்படும் பொதுப்பணம் நம்மிடம் நிறைய இருக்கிறது. எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. தொகுதி நிதி 3 கோடி. 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. இதில் ஒரு பங்கு இன்னின்ன வேலைக்குத்தான் என்று கட்டுப்பாடு உண்டு. மிச்சத்தை எம்.எல்.ஏ. தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கிறார். பயணியர் நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, சமுதாயக் கூடம், நெற்றியில் அவர் பெயர். அந்தப் பெயருக்கு எவ்வளவு பெயின்ட் செலவானது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் மக்களே பணத்தைப் பிரிக்கும் முறை தொடங்கியதே இந்த மாதிரிப் பணத்தில்தான். சிகாகோவின் 49-வது வார்டு கவுன்சிலர் ஜோ மூர், தன் விருப்பப்படி செலவிடக்கூடிய 13 லட்சம் டாலரை 2009-ல் வார்டு மக்களிடம் விட்டார். பதினாறு வயது நிரம்பி அந்த வார்டில் குடியிருந்தால் போதும். குடியுரிமை இல்லாதவரும் ஓட்டுப் போடலாம். 1,600 பேருக்கு மேல் போட்டார்கள். முதலிடம் வந்தது உடைந்த நடைபாதைகளைச் சரிசெய்வது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மக்களிடம் விட்டால் ஆடம்பரமாக எதையாவது கேட்பார்கள் என்று பயப்படுகிறோம், அவர்கள் கேட்டது கால் தடுக்காமல் நடக்க ஒரு இடம்.

எம்.எல்.ஏ. ஒருவர் தன் மூன்று கோடியில் ஐம்பது லட்சத்தை மட்டும் இப்படிப் பொதுவில் வைக்கட்டும். தொகையை முதலில் சொல்லட்டும். கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைக்காமல், வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பிய பிறகு வைக்கட்டும். ஓட்டுக்குத் தலைக்கட்டு வேண்டாம், தலை போதும். எது குறைவாக இருக்கிற தெருவுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே சுவரில் ஒட்டட்டும். அப்போதும் அடித்துக்கொள்வோம். அடித்துக்கொள்ளட்டுமே.

எந்த எம்.எல்.ஏ.வாவது இதற்கு ஒத்துக்கொள்வாரா என்பது தனிக் கேள்வி. ஜோ மூரை வைத்துத்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 2007 தேர்தலில் இரண்டாம் சுற்றுவரை இழுத்து மயிரிழையில் ஜெயித்தவர் அவர். பணத்தை மக்களிடம் விட்ட பிறகு வந்த 2011 தேர்தலில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். இதைக் கேட்டால் எந்த அரசியல்வாதிக்கும் ஆசை வரும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019-ல் அவரைத் தோற்கடித்த மேரியா ஹேடன் அந்த வார்டுக்காரர். முதல் வருடம் வார்டுப் பணத்தைப் பிரிக்க உட்கார்ந்தவர்களில் ஒருவர். எங்கள் எம்.எல்.ஏ.விடம் பேசும்போது இந்தப் பிற்பாதியையும் சேர்த்துச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.